ஆடிட் நாள் அஞ்சறைப் பெட்டி

வெள்ளையம்மாளின் அடையாள அட்டையில் ‘செக்கிங்’ என்றுதான் போட்டிருக்கும். ஆனால் பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனிக்குள் போய் வெள்ளையம்மாள் யார் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். மாத்திரைக்கா எங்கே என்று கேளுங்கள், அத்தனை கையும் ஒரே பக்கம் நீளும். கடைசி வரிசையில், டியூப் லைட்டுக்கு நேர் கீழே, வெள்ளை மேசையில் டி-சர்ட்டை உள்ளும் புறமும் புரட்டி ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்த்துக்கொண்டிருப்பாள். கண் துணியில் இருக்கும். வாய் யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கும்.

கமுதிப் பக்கத்துக்காரி. கல்யாணமான நாலாம் மாசம் புருசன் பெரியகருப்பனோடு திருப்பூருக்குப் பஸ் ஏறினவள். பத்தொன்பது வருசம் ஓடிவிட்டது. அவன் சாயப்பட்டறைக்குப் போனான், இவள் பனியன் கம்பெனிக்கு வந்தாள். முதலில் துணி மடித்துக் கொடுக்கும் வேலை, அப்புறம் பிசிறு வெட்டும் வேலை, அப்புறம் செக்கிங் மேசை. இடையில் ஒரே ஒரு பெண் குழந்தை, யோகப்பிரியா. அவளைப் பத்தாம் மாசமே பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள் இவள். அந்தக் குற்றவுணர்ச்சி கடைசி வரை போகவில்லை. மகள் எது கேட்டாலும் இல்லையென்று சொல்ல வாய் வராது.

மாத்திரைக்கா ஆனது ஆறு வருசத்துக்கு முன்னால். ஒரு மத்தியானம் ஓவர்லாக் மெஷினில் ஒரு பெண்ணின் விரலுக்குள் ஊசி ஏறிவிட்டது. சுற்றி நின்றவர்கள் ஐயோ ஐயோ என்று கத்தினார்களே தவிர ஒருத்தரும் கிட்டே போகவில்லை. வெள்ளையம்மாள்தான் ஓடிப்போய், கரண்டை நிறுத்தி, சக்கரத்தைக் கையாலேயே பின்னால் சுற்றி, ஊசியைத் தூக்கி விரலை விடுவித்தாள். வேஸ்ட் துணியில் கட்டும் போட்டாள். மறுவாரமே ஹெச்.ஆர். ஆபீசில் கூப்பிட்டு ஒரு நாள் ட்ரெய்னிங் கொடுத்து, கையில் கட்டிக்கொள்ளப் பச்சைப் பட்டை ஒன்றும் கொடுத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு எடுத்த போட்டோ இன்னும் அவள் வீட்டு டிவி மேல் இருக்கிறது. எட்டாவதோடு நின்றவளுக்கு அது டாக்டர் பட்டத்துக்குக் குறைவா என்ன?

கம்பெனியில் மருந்துப் பெட்டி இரண்டு. சுவரில் சிலுவை போட்ட வெள்ளைப் பெட்டி ஒன்று. பஞ்சு, கத்தரி, களிம்பு, கட்டுத்துணி இருக்கும். அது, துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட் என்று ஆள் அனுப்பிச் சோதிக்கும்போது காட்டுவதற்கு. டாக்டர் இல்லாமல் யாருக்கும் மாத்திரை கொடுக்கக்கூடாது என்பது அவர்கள் சட்டம். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் ஒன்றரை ஷிப்ட் ஓடும் தையல் லைனில், மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதி வைத்திருக்கும்போது, ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் படுத்துவிட்டால் அவளுக்கு முன்னால் துணி குவியும், பின்னால் இருப்பவள் கை சும்மா இருக்கும், சூப்பர்வைசர் சாமியாடுவார். அதனால் இரண்டாவது பெட்டி. அது எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டி.

அந்த யோசனை ஹெச்.ஆரில் இருக்கும் வேல்குமாருடையது. மங்கலத்துத் தறிக்காரக் குடும்பத்துப் பையன், நெற்றியில் விபூதி மாறாது, யாரையும் மரியாதை இல்லாமல் பேசமாட்டான். “அக்கா, உங்க பைக்குள்ள அஞ்சறைப் பெட்டி இருந்தா எந்த ஆடிட்காரன் சந்தேகப்படப் போறான்? பொம்பளைங்க பையில வேற என்னங்க இருக்கும்?” என்றான். வெள்ளையம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். கடுகுக் கிண்ணத்தில் தலைவலிக்கு வெள்ளை. சீரகக் கிண்ணத்தில் காய்ச்சலுக்கு ரோஸ். வெந்தயக் கிண்ணத்தில் மஞ்சள். மஞ்சள்தான் எல்லாவற்றுக்கும் ராஜா. இடுப்பு வலி, தீட்டு வலி, உடம்பு வலி எதற்கும் அது ஒன்று போதும். போட்ட அரை மணி நேரத்தில் வலி போவதோடு மனசும் லேசாகிவிடும் என்று பெண்கள் சொல்வார்கள். “அக்கா, மஞ்சா ஒண்ணு” என்று கை நீட்டுவார்கள்.

எந்த மாத்திரைக்கும் அட்டை கிடையாது, பெயர் கிடையாது. கவரில் உதிரியாக வரும். “என்ன தம்பி, பொரிகடலை மாதிரி அள்ளிட்டு வாரீக, அட்டை இல்லாமயா மாத்திரை விக்கிறான்?” என்று அவள் ஒரு தடவை கேட்டாள்.

“அட்டையோட வந்தா அட்டைய எங்கயாச்சும் போடோணுமில்லீங்க. ஆடிட்காரனுங்க குப்பைத் தொட்டியவே கொட்டிப் பாக்கறானுங்கக்கா” என்றான் வேல்குமார். அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

முதலில் ஆடிட் வரும் நாட்களில் மட்டும் பெட்டி வெள்ளையம்மாளோடு வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வரும். அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் வரும் ஆடிட் தொடங்கியது. அதிலிருந்து பெட்டி தினமும் காலையில் வயர் கூடையில் அவளோடு கம்பெனிக்கு வந்து, தினமும் அவளோடேயே வீட்டுக்குப் போனது. வீட்டில் எங்கே வைப்பாள்? அடுப்படித் தட்டில், தன் சொந்த அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். ‘இத்தனை பெரிய கம்பெனி, நம்மளை நம்பிக் குடுத்திருக்கு’ என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. எத்தனை மாத்திரை இருக்கிறது என்று ஒரு நாளும் எண்ணியதில்லை. கடுகை எந்த வீட்டில் எண்ணுகிறார்கள்?

இந்தக் கதையில் கெட்டவர்களைத் தேடினால் சீக்கிரம் களைத்துப் போவீர்கள். யோகப்பிரியாவுக்கு முதல் மஞ்சள் மாத்திரையைக் கொடுத்தது வெள்ளையம்மாளேதான். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. காலையிலேயே தீட்டு வந்து பிள்ளை சுருண்டு கிடந்தது. பரீட்சைக்கே போகமாட்டேன் என்று அழுதது. லைனில் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறாள், பெற்ற மகளுக்குக் கொடுக்க யோசிப்பாளா? “இந்தா, இதப் போடு தாயி. வலி எங்கிட்டுப் போச்சுன்னே தெரியாது” என்றாள். அன்றைக்கு யோகப்பிரியா சிரித்துக்கொண்டே பரீட்சை எழுதிவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம் மாசாமாசம் கேட்டாள், கொடுத்தாள். பரீட்சைக்கு முந்தின நாள் பயமாக இருக்கிறது என்று கேட்டாள், கொடுத்தாள். பிறகு கேட்பது நின்றுபோனது. பிள்ளைக்கு உடம்பு தேறிவிட்டது என்று வெள்ளையம்மாள் எடுத்துக்கொண்டாள். பாண்டி முனியய்யாவுக்கு ஊரில் ஒரு பொங்கல் வைக்க வேண்டும் என்றுகூட நேர்ந்துகொண்டாள். பாவம், வேறு எப்படி நினைப்பாள்?

பிளஸ் டூ வந்ததும் யோகப்பிரியா வீடு திரும்பியவுடன் தூங்கினாள். போனை நோண்டவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. காம்பவுண்டில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் போனும் கையுமாக அலையும்போது, “எம்புள்ளய பாரு, இருக்கிற எடமே தெரியாது” என்று வெள்ளையம்மாள் தண்ணிக் குழாயடியில் நின்று பீற்றிக்கொண்டாள். சோறு இறங்காமல் மெலிந்தது வயசுக் கோளாறு, கையைச் சொறிந்துகொண்டே இருந்தது வெயில் என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. வகுப்பு டீச்சர் சாரதாமணி, போனவளைத் தனியாக ஒரு அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“ரெண்டு புள்ளைங்க கிளாஸ்லயே எந்திரிக்காம தூங்கிருச்சுங்க. தண்ணி தெளிச்சு எழுப்பிக் கேட்டா, யோகப்பிரியாதான் மாத்திரை குடுத்தாள்ங்கறாங்க. பரீட்சை வந்தா போதும், எல்லாப் புள்ளைங்களும் அவளச் சுத்தித்தான் நிக்குமாம். கிளாஸ்ல அவளுக்கு என்ன பேரு வெச்சிருக்கறாங்க தெரியுங்களா? மாத்திரை யோகா.”

 கம்பெனியில் வெள்ளையம்மாளுக்கு வைத்த பெயரையே இங்கே மகளுக்கு வைத்திருக்கிறார்கள். டீச்சர் இன்னும் என்னென்னவோ கேட்டார். எங்கிருந்து கிடைக்கிறது, யார் கொடுக்கிறார்கள், வெளியாட்கள் யாராவது பழக்கமா? “தெரியலீங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்தாள். தெரியவில்லை என்று அவள் சொன்ன பொய்களில் அது முதல் பொய்.

அன்றைக்குப் பெட்டியோடு வீட்டுக்குப் போய், வேண்டுமென்றே அடுப்படியில் வைத்துவிட்டுத் தண்ணி பிடிக்கப் போவதுபோல் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பாதியில் திரும்பி வந்தாள். யோகப்பிரியா பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். வெந்தயக் கிண்ணத்தில் கை. அம்மாவைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை. அதுதான் வெள்ளையம்மாளைக் கொன்றது. குடத்தைப் போட்டுவிட்டு மகளை அடித்தாள். பதினேழு வருசத்தில் ஒரு நாள் கை ஓங்காதவள், கை வலிக்கிற வரை அடித்தாள். பிறகு அவளும் உட்கார்ந்து அழுதாள்.

“எத்தனடி போடுவ?”

“எண்ண மாட்டேம்மா.”

“எதுக்குடி? என்ன கொறைய வச்சேன் ஒனக்கு?”

“ஒண்ணுமில்லம்மா. போட்டா ஒண்ணுமே தெரியாது. அவ்வளவுதான்” என்றாள் யோகப்பிரியா.

வெள்ளையம்மாள் பெட்டியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தாள். எடுத்தால்தானே போடுவாள்? பெரியகருப்பனிடம் மூச்சு விடவில்லை. சனிக்கிழமை மகளுக்கு மூக்கில் தண்ணீர் ஒழுகியது, உடம்பெல்லாம் வேர்த்தது. ஞாயிற்றுக்கிழமை வாந்தி, கால் குடைச்சல். “ஒண்ணே ஒண்ணு குடும்மா, இனி கேக்கமாட்டேன்” என்று காலைப் பிடித்தாள். வெள்ளையம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு கஞ்சி கொடுத்தாள். ரெண்டு நாள் பொறுத்தால் விட்டுப்போகும் என்று யாரிடமும் கேட்காமல் அவளே முடிவு செய்துகொண்டாள். திங்கட்கிழமை காலையில் தலை வாரிக்கொண்டிருக்கும்போதே யோகப்பிரியா சரிந்து விழுந்தாள். கை கால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை தள்ளியது.  முதலுதவி படித்தவள், ஊசி ஏறிய விரலைப் பதறாமல் எடுத்தவள், மகளை மடியில் போட்டுக்கொண்டு ஆத்தா ஆத்தா என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டார்கள்.

பெரியாஸ்பத்திரியில் லேடி டாக்டர் ஒருவர். சின்ன வயசு. “என்ன மாத்திரை சாப்பிட்டாம்மா?” என்றார்.

“மஞ்ச மாத்திரைங்க.”

“பேருங்க?”

ஆறு வருசமாகத் தினமும் கையால் அள்ளிக் கொடுத்த பொருளுக்கு வெள்ளையம்மாளிடம் பெயர் இல்லை. பர்சில் காகிதத்தில் மடித்து வைத்திருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே ஒரு எழுத்துகூட இல்லை. “எங்க வாங்குனீங்க?” என்றார். “மெடிக்கல்லங்க” என்றாள். “எந்த மெடிக்கல்?” என்றார். “ஞாபகம் இல்லீங்க” என்றாள்.

“ஏம்மா, மாத்திரையத் திடீர்னு நிறுத்துனதுலதான் வலிப்பு வந்திருக்கும்னு தோணுது. இன்னொருக்காவும் வரலாம். என்ன மருந்துன்னு தெரிஞ்சா எவ்வளவு குடுத்து எப்படிக் குறைக்கறதுன்னு பார்க்கலாம். டெஸ்டுக்கு அனுப்பறேன், ஆனா அது வரவரைக்கும் நான் கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் வைத்தியம் பாக்கோணும். பேரு ஒண்ணு மட்டும் கொண்டு வாங்க” என்றார்.

திடீரென்று நிறுத்தியது யார்? கொடுத்ததும் அவள், நிறுத்தியதும் அவள். தாலிக்கயிற்றில் பீரோச் சாவி குத்திக்கொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆஸ்பத்திரி ரோட்டில் இருந்த மெடிக்கல் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினாள். பீரோவிலிருந்து எடுத்துவந்த இன்னொரு மஞ்சள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். “மஞ்சக் கலர்ல நூறு மாத்திரை இருக்குதுங்க. அட்டையக் கொண்டாங்க, சொல்றேன்” என்றார் ஒருவர். இன்னொருவர் மாத்திரையைப் பார்த்ததும் முகம் மாறி, இதெல்லாம் இங்கே கேட்காதீங்க என்று விரட்டினார். மத்தியானம் யோகப்பிரியாவுக்கு இரண்டாம் தடவை இழுத்தது. கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பி ஏற்றிவிட்டார்கள். அப்போதுதான் வெள்ளையம்மாள் உடைந்து, “கம்பெனி மாத்திரைங்க டாக்டரம்மா” என்று சொன்னாள்.

டாக்டர் திட்டவில்லை. “அப்பக் கம்பெனியிலயே போய்க் கேளுங்க. இன்னைக்கே கேளுங்க” என்றார்.

பெரியகருப்பன் வராந்தாவில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். கை ஓங்குவான் என்று அவள் நின்றாள். அவன் சாயக்கறை படிந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டு, “நானும் எடுத்துப் போட்ருக்கேன்டி, இடுப்பு வலிக்கு. வெந்தயக் கிண்ணத்துலதான்” என்றான். 

கம்பெனியில் அன்றைக்குச் சுண்ணாம்பு வாசம். மறுநாள் ஆடிட். கக்கூசுக்கெல்லாம் வெள்ளையடித்திருந்தார்கள். வேல்குமார் காதில் போனோடு ஓடிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் ஆபீசுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தித் தண்ணீர் கொடுத்தான். 

“பேரு மட்டும் சொல்லுங்க தம்பி. ஒரு துண்டுக் காயிதத்துல எழுதிக் குடுங்க போதும். ஒங்க பேர நான் எங்கயும் சொல்ல மாட்டேன், எங்காத்தா சத்தியமா.”

“சொல்றனுங்கக்கா. நாளைக்கு ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கங்க. மருந்து கொண்டாறவர்கிட்ட நானே கேட்டு வாங்கித் தர்றேன். நாளைக்கு நீங்க கட்டாயம் வந்தாகோணும். ஃபர்ஸ்ட் எய்டுல உங்க பேருதான் இருக்குது, உங்களத்தான் கூப்புடுவாங்க. என்னத்தையாச்சும் சொல்லிப்போடாதீங்கக்கா. இந்த ஆர்டர் போச்சுன்னா லைன் மூணையும் மூடிருவாங்க.”

“சொன்னா பேரு கெடைக்காதுல்ல?”

 தான் சொன்னது மிரட்டல் என்று வேல்குமாருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், குனிந்துகொண்டான்.

புதன்கிழமை பச்சைப் பட்டையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஆடிட்டுக்கு வந்தவர் சென்னைக்காரர், நரைத்த தாடி, சாந்தமான மனிதர். தொழிலாளிகளை ஒவ்வொருவராகத் தனியறைக்குக் கூப்பிட்டார். முதலாளி பக்கத்து ஆள் ஒருத்தரும் கிட்டே இருக்கக்கூடாது என்பது விதி. கதவைத் தானே சாத்திவிட்டு, “பயப்படாம சொல்லுங்கம்மா. இங்க பேசறது எதுவும் உங்க பேரோட வெளிய போகாது. வலி, காய்ச்சல்னு வந்தா இங்க மாத்திரை ஏதாவது குடுக்கறாங்களா?” என்றார்.

ஆறு வருசத்தில் எத்தனை ஆடிட்டில் இந்தக் கேள்விக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொல்லியிருக்கிறாள்! இன்றைக்கு இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினால் என்ன? நம்புவார், எழுதிக்கொள்வார், கம்பெனியைக் கேள்வி கேட்பார். ஆனால் இவருக்கு அந்த மாத்திரையின் பெயர் தெரியாது. தெரிந்தவன் வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். உண்மையைச் சொல்லி முடித்தபிறகு அவன் எதற்கு வாயைத் திறப்பான்?

“இல்லீங்க சார். மாத்திரை குடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க. ரொம்ப முடியலன்னா கம்பெனி வண்டியிலயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க” என்றாள். ட்ரெய்னிங்கில் சொல்லிக்கொடுத்த பதில், ஒரு வார்த்தை பிசகவில்லை.

அவர் எழுதிக்கொண்டார். அவள் எழுந்து போகும்போது பேச்சுக்குக் கேட்டார்: “பசங்க என்ன பண்றாங்கம்மா?”

“ஒரே பொண்ணுங்க. பிளஸ் டூ படிக்குது.”

“நல்லா படிக்குதா?”

“ஆமாங்க சார்” என்றாள்.

ஆடிட் பிரமாதமாக முடிந்தது. சாயங்காலம் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். வெள்ளையம்மாள் லட்டு வாங்காமல் ஆபீஸ் வாசலில் நின்றாள். வேல்குமார் அவளைக் கண்டதும் சுற்றி வேறு வழியாகப் போகப் பார்த்தான். விடுவாளா? வழியை மறித்தாள்.

“கேட்டனுங்கக்கா. நேத்தே கேட்டுட்டேன்” என்றான். “அவருக்கே தெரியலீங்க. அவரு இன்னொருத்தர்கிட்ட வாங்கறாரு. கவர்ல கொட்டித்தான் அவருக்கும் வருதாம். ஒருக்கா வந்த மாத்திரையே மறுக்காவும் வரும்னு இல்லையாம். மஞ்சளா இருந்தா மஞ்சள்ல போட்டுருவாராம்.”

“நேத்தேவா?” என்றாள் வெள்ளையம்மாள். “நேத்தே தெரியும்னா, எதுக்குய்யா ஆடிட் முடியிற வரைக்கும் சொல்லாம வச்சிருந்தீக?”

அவன் கண் கலங்கிவிட்டது. “எனக்கும் ஊட்ல தங்கச்சி இருக்குதுங்கக்கா” என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னான். இவனை அடிப்பதா, இவனோடு சேர்ந்து அழுவதா? ஆடிட்காரரின் கார் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளையம்மாள் கேட் வரைக்கும் ஓடினாள். கார் பெருமாநல்லூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே கலந்துவிட்டது. வாட்ச்மேன் என்ன அக்கா என்று கேட்டார். ஒண்ணுமில்லை என்றாள்.

“நாளைக்குப் பெட்டிய மறக்காம கொண்டாந்துருங்கக்கா. லைன்ல இத்தன நாளா கஷ்டப்படறாங்க” என்று வேல்குமார் இரவு மெசேஜ் போட்டிருந்தான். பெட்டியைத் தூக்கிச் சாக்கடையில் கொட்டிவிட வேண்டும் என்றுதான் வியாழக்கிழமை காலையில் பீரோவைத் திறந்தாள். கொட்டினால் வேலை போகும். போனால் போகட்டும். ஆனால் பெரியகருப்பனும் நான்கு நாளாக வேலைக்குப் போகவில்லை. இவள் கொட்டினால் நாளைக்கே இன்னொரு அஞ்சறைப் பெட்டி வரும், இன்னொருத்தி அடுப்படிக்குப் போகும். கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மூடி, வயர் கூடையில் இட்லித் தூக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

யோகப்பிரியா விழித்திருந்தாள். உதடு வெடித்து, கண் குழி விழுந்து, பத்து நாள் காய்ச்சல்காரி போல இருந்தாள். வெள்ளையம்மாள் இட்லித் தூக்கை எடுத்தபோது அடியில் எவர்சில்வர் மூடி லேசாக இடித்தது. அவ்வளவுதான். நான்கு நாளாகக் கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளை சட்டென்று தலையைத் திருப்பியது.

“அம்மா” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஆசையாக, சின்ன வயசில் பிடித்துக்கொள்வது மாதிரி. “ஆடிட் முடிஞ்சிருச்சாம்மா?”

“முடிஞ்சிருச்சு தாயி.”

“பொட்டிய திருப்பிக் குடுத்துட்டியா?”

“குடுத்துட்டேன்” என்றாள் வெள்ளையம்மாள்.

யோகப்பிரியா சண்டை போடவில்லை. கூடையைப் பார்த்தாள். இட்லியைப் பிட்டு வாயில் வைத்தபோதும் கூடையைத்தான் பார்த்தாள். டாக்டர் வந்து நாடி பிடித்து, “பேரு கெடச்சுதாம்மா?” என்று கேட்டபோதும், வெள்ளையம்மாள் இல்லை என்று தலையாட்டியபோதும், டாக்டர் சீட்டில் எதையோ அடித்து வேறெதையோ எழுதியபோதும், அந்தக் கண் கூடையை விட்டு நகரவில்லை. வெள்ளையம்மாள் புருசனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். மகள் அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனியில் நுழையும் முன்பே, படிக்கட்டில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ரோஸ்மேரி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று மாசம்தான் ஆகிறது, ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறது. சூப்பர்வைசர் உள்ளேயிருந்து ரோஸ்மேரி ரோஸ்மேரி என்று கத்திக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் அதன் முகத்தில் உயிர் வந்தது.

“யக்கா, வந்துட்டியளா! ரெண்டு நாளா செத்துட்டேன்க்கா. மஞ்சா ஒண்ணு குடுங்கக்கா, சீக்கிரம்.”

வெள்ளையம்மாள் அதற்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், வேர்த்திருந்தது.

“வேணாம் தாயி. சுடுதண்ணி போட்டுத் தாரேன். செத்த நேரம் படு.”

“படுக்க விட மாட்டாவக்கா. குடுங்கக்கா.” பிள்ளை அழுதது. சூப்பர்வைசரின் குரல் கதவுக்குக் கிட்டே வந்துவிட்டது.

“ஒனக்கு என்ன வயசு?” என்று கேட்டாள் வெள்ளையம்மாள்.

“பதினேழுக்கா” என்றது ரோஸ்மேரி. உடனே ஆடிட்டுக்குச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்து, பயத்தோடு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “இல்லக்கா, பத்தொம்பது” என்று திருத்திச் சொன்னது.

கதவு திறந்தது. “ஏனுங்கக்கா, குடுத்து அனுப்புங்க, லைன் நிக்குது” என்றார் சூப்பர்வைசர். ரோஸ்மேரி உள்ளங்கையை நீட்டியபடி இருந்தது. வெள்ளையம்மாள் பெட்டியைத் திறந்து, வெந்தயக் கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.